கோழியை மிதித்தது யார்?

ஆம்ப்ரோஸ் டில்லரியின் இசைக்குழுவில் இருந்தது ஒரே ஒரு விதி. குடிக்கலாம், சீட்டாடலாம், பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவன் தோளில் விழுந்து தூங்கலாம், வருஷத்துக்கு இரண்டு முறை மாமியாரைச் சாகடித்து லீவு வாங்கலாம். அதையெல்லாம் அவர் கண்டும் காணாமல் விட்டுவிடுவார். ஆனால் தனி வாசிக்க எழுந்து நின்றவனின் சாக்ஸபோன் கீச்சிடக் கூடாது. கீச்சிட்டால் அன்றோடு அவன் குழுவில் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் விச்சிட்டாவில் ராஸ்கோ டிப்ஸ் என்கிற நல்ல வித்வான் உச்சத்துக்குப் போகிற இடத்தில் கீச்சிட்டான். பாட்டு முடிவதற்குள் டில்லரி அவனுடைய தொப்பியைக் கொண்டுவந்து அவன் மடியில் வைத்துவிட்டார். ராஸ்கோ இப்போது சொந்த ஊரில் தபால் கொடுத்துக்கொண்டு, மூன்று வேளையும் வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டு, குழுவில் இருக்கிற எல்லாரையும்விடச் சௌக்கியமாக இருக்கிறான். இருந்தாலும் அந்தத் தொப்பியை நினைத்து மற்றவர்கள் ஒவ்வொரு சுரத்தையும் பயந்து பயந்து வாசித்தார்கள்.

லெமுவெல் கோட்ஸுக்கு மட்டும் அந்தப் பயம் தேவையே இல்லை. அவன் மூன்றாவது சாக்ஸபோன். முதல் ஆள் மெட்டைப் பிடிப்பான், இரண்டாவது ஆள் அழகு சேர்ப்பான், மூன்றாவது ஆள் நடுவில் இருக்கிற சந்துகளை அடைப்பான். நாற்பத்திரண்டு வயதில், பதினோரு வருஷமாகச் சந்து அடைத்துக்கொண்டிருந்தான் லெமுவெல். ஒரு தடவைகூட அவனை எழுந்து நின்று தனியாக வாசிக்கச் சொன்னதில்லை. அவனும் கேட்டதில்லை. எழுந்து நின்றால்தானே கீச்சு, தொப்பி, தபால் வேலை எல்லாம். உட்கார்ந்தே இருப்பவனை யார் என்ன செய்ய முடியும் என்று நிம்மதியாக இருந்தான்.

அந்த நிம்மதி ஜூலை மாதம், சிகாகோவில், ஒலிப்பதிவுக் கூடத்தில் போயிற்று.

பாட்டைச் செதுக்கி எடுக்கிற மெழுகுத் தட்டு இளக்கமாக இருக்க வேண்டும் என்பதற்காகக் கூடத்தை அடுப்பங்கரை மாதிரி வைத்திருப்பார்கள். ஜன்னலைத் திறந்தால் தெருச் சத்தம், விசிறி போட்டால் விசிறிச் சத்தம். எல்லாரும் சட்டையைக் கழற்றிவிட்டுப் பனியனோடு உட்கார்ந்திருந்தார்கள். டில்லரி ஒருவர்தான் கோட்டோடு நின்றார். டையைக்கூடத் தளர்த்தவில்லை. அன்றைய பாட்டு அவரே கட்டியது. ‘அந்திப் பொன்’ என்று பெயர் வைத்திருந்தார். அதில் அவருடைய சாக்ஸபோன் தனி வாசிப்பு ஏறிக்கொண்டே போய் ஒரு சுரத்தில் நிற்கும். பின்னால் டிரம்பெட்காரர்கள் எழுந்து முழங்குவார்கள்.

அந்தப் பாட்டுக்கென்று கம்பெனிக்காரர்கள் கொடுத்தது நான்கு மெழுகுத் தட்டு. முதல் தட்டை டிரம்ஸ் வாசிக்கிற சீஃபஸ் பூன் காலால் தரையை உதைத்தே கெடுத்தான். அவன் பூட்ஸைக் கழற்றி, காலுக்கடியில் தலையணை வைத்தார்கள். இரண்டாவதில் பாட்டு நீண்டுபோய், முடிவதற்குள் தட்டு முடிந்துவிட்டது. மூன்றாவதில் யாரோ தும்மினார்கள். இன்றுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. நான்காவது தட்டில் எல்லாம் நன்றாகப் போயிற்று. டில்லரி கண்ணை மூடிக்கொண்டு மைக்கின் முன் நின்று மேலே மேலே போனார். அவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்த லெமுவெலுக்கு அந்த இடத்தில் வேலை இல்லை. ஆனால் அந்த வெக்கையில், வாத்தியத்தின் ஊதுவாயில் இருக்கிற சீவாளி காய்ந்துகொண்டிருந்தது. காய்ந்தால் கீச்சிடும். காயாமல் இருக்க, சும்மா இருக்கும்போது வாத்தியத்துக்குள் மெல்ல மூச்சு விட்டுக்கொண்டிருப்பது அவன் வழக்கம். சத்தம் வராத அளவுக்குத்தான் விடுவான். அன்றைக்குக் கொஞ்சம் கூடிவிட்டது.

கீச்.

லெமுவெலுக்கு உயிரே போய்விட்டது. மெதுவாகத் தலையைத் திருப்பிப் பார்த்தான். ஒருத்தரும் அசையவில்லை. மூலையில் டிரம்பெட்டுகள் போட்ட முழக்கத்தில் யார் காதிலும் அது விழவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த ஒலிப்பதிவுக்காரர் மட்டும் புருவத்தைத் தூக்கினார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். மெழுகுத் தட்டை ஒரு தடவை போட்டுக் கேட்டாலே ஊசி அதை அழித்துவிடும், ஆகவே யாரும் போட்டுக் கேட்கவும் இல்லை. மைக்கில் பட்டிருக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு லெமுவெல் சட்டையைப் போட்டுக்கொண்டான்.

செப்டம்பரில் இசைத்தட்டு வந்தது. குழு அப்போது டி மாயினில் இருந்தது. டில்லரி முடிவெட்டுகிற கடையில் முகம் நிறைய சோப்பு நுரையோடு சாய்ந்திருந்தார், லெமுவெல் தன் முறைக்காகப் பெஞ்சில் காத்திருந்தான். மூலையில் இருந்த காசு போட்டால் பாடும் பெட்டியில் யாரோ காசு போட்டார்கள். தன் வாத்தியம் கேட்டதும் டில்லரியின் முகம் நுரைக்குள்ளேயே மலர்ந்தது. கடைக்காரன் கத்தியை நிறுத்திவிட்டு, இதோ வருகிறது பாருங்கள், இந்த இடம்தான் இடம் என்றான். வந்தது. கடையில் இருந்த அத்தனை பேரும் அந்த நொடியில் ஒரு சின்னக் குதி குதித்தார்கள். டில்லரி பாதிச் சவரத்தோடு வெளியே போய்விட்டார். லெமுவெல் பின்னாலேயே ஓடினான். தெருவில் நின்று அவர் கேட்ட முதல் கேள்வி, பாட்டுக்குக் கம்பெனிக்காரர்கள் என்ன பெயர் போட்டிருக்கிறார்கள் என்பது. லெமுவெல் பெட்டியில் எட்டிப் பார்த்திருந்தான். ‘கோழியை மிதித்தது யார்?’ என்று மாற்றிப் போட்டிருந்தது. தெரியவில்லை மாஸ்டர் என்று சொல்லிவிட்டான்.

எப்படியும் தெரியாமல் போகுமா. அந்த வருஷம் நாட்டில் அந்தத் தட்டு ஓடாத கடை இல்லை, சாப்பாட்டு விடுதி இல்லை. சிகாகோ பத்திரிகையில் ஒரு மேதாவி, அந்தக் கீச்சில் பெருநகரத்தின் தனிமை முழுவதும் அடங்கியிருக்கிறது என்று அரைப் பக்கம் எழுதினான். லெமுவெலின் மனைவி டல்ஸாவிலிருந்து கடிதம் போட்டாள்: தட்டு வாங்கிவிட்டேன், கீச்சு வருகிற இடம் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது, உங்கள் மாஸ்டரிடம் சொல்லுங்கள் என்று. அவளிடம்கூட அவனால் உண்மையைச் சொல்ல முடியவில்லை. நாடே கொண்டாடுகிற ஒன்றைச் செய்துவிட்டு நாயாய்ப் பயந்துகொண்டிருந்த ஆள் உலகத்திலேயே அவன் ஒருவனாகத்தான் இருக்கும்.

ஆட்ட அரங்குகளில் நிலைமை இன்னும் மோசம். கீச்சு வரும் இடத்தில் ஜோடி ஜோடியாகக் குதிக்க வேண்டும் என்று ஒரு ஆட்டமே கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால் டில்லரி அதைச் சுத்தமாகத்தான் வாசித்தார். வேண்டுமென்று கீச்சச் சொன்னால் அவருக்கு வரவும் வராது, வந்தாலும் செய்ய மாட்டார். ஆயிரம் பேர் ஆவலாகக் குதித்து, ஒன்றுமே இல்லாத இடத்தில் இறங்கினார்கள், இன்னொரு படி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைத்தவர்கள் மாதிரி. பிறகு எல்லாரும் மேடையை முறைத்தார்கள்.

அக்டோபரில் ஒமாஹாவுக்கு வந்தார்கள். இரண்டு வாரக் கச்சேரி. ஹோட்டல்களில் இவர்கள் மாதிரிக் கறுப்பர்களுக்கு இடம் கிடையாது என்பது புதிதில்லை. எப்போதும்போல ஒடெஸா ப்ரூயிட் அம்மாவின் வீட்டில் தங்கினார்கள். ப்ரூயிட் அம்மா ஆளும் பெரியவள், குரலும் பெரிது, கைமணமும் அப்படி. தினமும் காலை பதினொரு மணிக்கு முன்னறையில் கிராமபோனைத் திறந்து, கோழித் தட்டைப் போட்டுவிட்டுத்தான் அடுப்புப் பக்கம் போவாள். அது ஆரம்பித்ததும் டில்லரி எழுந்து கொல்லைக்குப் போய்விடுவார். முதல் நாள் முடிவெட்டும் கடையில் கேட்டதோடு சரி, அந்தத் தட்டை அவர் மறுபடி கேட்கவே இல்லை.

வந்த மூன்றாம் நாள், சோளரொட்டிக்கும் முட்டைக்கும் நடுவில், அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். ஒமாஹா முடிந்ததும் அவர் விலகிக்கொள்கிறார். தனி வாசிப்பில் கீச்சினவன் போக வேண்டும் என்பது விதி. ராஸ்கோவுக்கு ஒரு நியாயம், தனக்கு ஒரு நியாயம் என்று இருக்க முடியாது. ஒப்புக்கொண்ட கச்சேரிகள் இருந்ததால்தான் இத்தனை நாள் இருந்தார். குழுவை யாராவது எடுத்து நடத்தலாம், முடியாவிட்டால் கலைத்துவிடலாம்.

பதிமூன்று பேரும் கையில் இருந்த ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டார்கள். டில்லரி இல்லாத டில்லரி குழுவை எந்த அரங்குக்காரன் கூப்பிடுவான்? லெமுவெல் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான். சொன்னால் தொப்பி. பதினோரு வருஷ நாற்காலி போய்விடும். அதைவிட, இத்தனை நாள் அந்த மனுஷரை வேகவிட்டுக்கொண்டு பார்த்திருந்தாயே என்று அவர் ஒரு பார்வை பார்ப்பார், அதற்கு என்ன பதில்? வாயில் ரொட்டியைத் திணித்துக்கொண்டான்.

அடுத்த நான்கு நாள் வீட்டில் ஒரே நடமாட்டம். ஒவ்வொருத்தனாக டில்லரியின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசிவிட்டு, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பினான். என்ன என்று கேட்டால் சொல்லவில்லை. லெமுவெலுக்கு அதைப் பற்றி யோசிக்கிற நிலையும் இல்லை. இன்றைக்குச் சொல்கிறேன், நாளைக்குச் சொல்கிறேன் என்று தேதியைத் தள்ளிக்கொண்டே போனான். எட்டாம் நாள் காலை, துணிவை வரவழைத்துக்கொண்டு அவரைத் தேடிக் கொல்லைக்குப் போனான்.

டில்லரி துணி துவைக்கிற தொட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். கண்கள் மூடியிருந்தன. ஒரு கையை நீட்டி, அதில் சட்டைப்பைக் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் காதுக்குப் பக்கத்தில் கொண்டுவந்துகொண்டிருந்தார்.

“மாஸ்டர்.”

“பேசாதே, கணக்கு தப்பிரும்.” கடிகாரம் முழங்கை தூரத்துக்கு வந்ததும் நிறுத்தினார். “வலது காதுக்கு இங்கேருந்து கேக்குது. இடது காதுக்கு இவ்வளவு இல்ல. அந்தப் பக்கம் கோழிக்கூண்டு இருக்கு, அதனாலயும் இருக்கலாம்.”

காதுக்கு என்ன என்று லெமுவெல் கேட்டான். அவர் டாக்டரிடம் போனதையும், காதில் சூடாக எண்ணெய் விட்டுக்கொள்வதையும், பியானோக்காரனைத் திரும்பி உட்காரச் சொல்லிச் சுரம் சுரமாகத் தட்ட வைத்துப் பார்த்ததையும் சொன்னார். டாக்டர் ஒன்றுமில்லை என்றாராம். டாக்டருக்கு என்ன தெரியும் என்றார்.

“விதி கிடக்கட்டும், லெம். விதிய நான்தான் போட்டேன், நானே எடுத்துட்டுப் போயிருவேன். என் கையில இருக்கிற வாத்தியம் கத்தியிருக்கு. ஊருக்கே கேட்டிருக்கு. முடிவெட்டுறவனுக்குக் கேட்டிருக்கு. எனக்குக் கேக்கல. அன்னைக்குக் கூடத்துலேருந்து வெளிய வரும்போது நான் என்ன நெனச்சேன் தெரியுமா? என் வாழ்க்கையிலேயே நல்லா வாசிச்சது இதுதான்னு நெனச்சேன்.” கடிகாரத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். “காது போனவன் பதிமூணு பேருக்கு முன்னாடி நிக்கக் கூடாது. அவ்வளவுதான்.”

அவர் விதிக்காக விலகுகிறார் என்றுதான் லெமுவெல் நினைத்துக்கொண்டிருந்தான். இந்த மனுஷர் தட்டு வந்த நாளிலிருந்து தன் காதையே நம்பாமல் வதைபட்டிருக்கிறார், அதுவும் இவன் விட்ட ஒரு பாழாய்ப்போன மூச்சுக்காக. அந்த நிமிஷத்தில் நாற்காலியும் தொப்பியும் அவனுக்கு மறந்துபோயின.

“மாஸ்டர், கீச்சினது நீங்க இல்ல. நான்.”

டில்லரி அவனை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. பெருமூச்சு விட்டார்.

“நீ ஏழாவது ஆளு.”

லெமுவெலுக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். முதலில் சீஃபஸ் வந்து, அது தன்னுடைய ஸ்டூல் கிறீச்சிட்ட சத்தம் என்றான். பியானோக்காரன் வந்து, தன் பொய்ப்பல் விசில் அடித்தது என்றான். தந்திவாத்தியக்காரன் விரல் வழுக்கியது என்றான். டிரம்பெட்காரர்கள் மூன்று பேரும் தனித்தனியே வந்து தங்கள்மேல் பழியைப் போட்டுக்கொண்டார்கள். அதில் ஒருத்தன் அன்றைக்குக் காய்ச்சலில் படுத்திருந்தான், சிகாகோவுக்கே வரவில்லை.

“நிஜமா நான்தான் மாஸ்டர்.”

“சீஃபஸும் நிஜமாத்தான்னு சொன்னான். அழவே அழுதான். நல்ல பசங்கடா நீங்க எல்லாரும். போய்ச் சாப்பிடு.”

லெமுவெலுக்கு ஆத்திரமாக வந்தது. பொய் சொன்ன ஆறு பேரும் ஒரு சிரமமும் இல்லாமல் போய்ச் சொல்லிவிட்டு நன்றாகத் தூங்குகிறார்கள். உண்மையைச் சுமந்தவன் ஐந்து நாள் சோறு இறங்காமல் கிடந்து கடைசியில் ஏழாவது ஆளாகப் போய் நிற்கிறான். இருங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினான். சாக்ஸபோனை எடுத்துவந்தான். சீவாளியைச் சட்டையில் தேய்த்துத் தேய்த்துக் காயவைத்தான். அன்றைக்குப்போலவே உட்கார்ந்து, அன்றைக்குப்போலவே மெல்ல மூச்சு விட்டான்.

சுத்தமான சுரம் வந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தினான். இன்னும் சுத்தமாக வந்தது. உதட்டைக் கோணினான், தப்பான சாவிகளை அமுக்கினான், வாத்தியத்தை ஆட்டினான். பதினோரு வருஷம் டில்லரி அவனுக்குள் அடித்து இறக்கியிருந்த சுத்தம் எந்த ஓட்டையிலும் கசியவில்லை. கூண்டில் இருந்த கோழிகள்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. டில்லரி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“நல்லா இருக்கு. கடைசிய இன்னும் கொஞ்சம் மெதுவா விடணும்.”

அழுவதா சிரிப்பதா என்று லெமுவெலுக்குத் தெரியவில்லை. அப்போது மணி பதினொன்று அடித்தது. உள்ளே ப்ரூயிட் அம்மா கிராமபோனைத் திறந்து தட்டைப் போட்டாள். டில்லரி வழக்கம்போலக் காதைப் பொத்திக்கொள்ளாத குறையாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். லெமுவெல் திருப்பிக்கொள்ளவில்லை. குற்றம் செய்தவன் அதே இடத்தைச் சுற்றிச் சுற்றி வருவதுபோல, அந்தத் தட்டை நாட்டிலேயே அதிகம் கேட்டவன் அவன்தான். கீச்சு வந்தது. எத்தனையோ முறை கேட்டிருந்தும், அதோடு கூடவே என்ன இருக்கிறது என்பது அவனுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

டில்லரியின் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனான். அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். நான் கேட்க மாட்டேன், என்னைச் சித்திரவதை செய்யாதே என்றார். ப்ரூயிட் அம்மா கையில் மாவோடு வந்து, என்ன தகராறு என்று கேட்டாள். லெமுவெல் சொன்னான். அவள் முழுதாகக் கேட்டுவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“மிஸ்டர் டில்லரி, என் முன்னறையில உக்கார மாட்டீங்கன்னா என் சாப்பாடும் வேண்டாம்னு அர்த்தம். இன்னைக்கு மீன் பொரிக்கிறேன்.”

டில்லரி உட்கார்ந்தார்.

லெமுவெல் ஊசியை நடுவில் வைத்தான். பாட்டு ஏறியது. கீச்சு வந்ததும் ப்ரூயிட் அம்மா பழக்க தோஷத்தில் ஒரு குதி குதித்தாள், ஊசி துள்ளிப் பாட்டின் கடைசிக்குப் போய் விழுந்தது. குதிக்காதீங்கம்மா என்று லெமுவெல் கெஞ்சினான். அவள் மேஜையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, போடு என்றாள். இந்தத் தடவை அவன் சுழலும் தட்டின் ஓரத்தில் விரலை வைத்து லேசாக அழுத்தினான். பாட்டு தள்ளாடி மெதுவாயிற்று. எல்லா வாத்தியமும் ஒரு ஸ்தாயி கீழே இறங்கின. டிரம்பெட்டுகள் தூரத்தில் எங்கேயோ மாடு கத்துவதுபோலக் கேட்டன. கீச்சு கீச்சாக இல்லாமல் நீண்ட முனகலாக வந்தது. அந்த முனகலுக்கு அடியில், ஆரம்பத்திலிருந்து கடைசிவரை, கொஞ்சமும் ஆடாமல் ஒரு சுரம் நின்றுகொண்டிருந்தது.

டில்லரி கையை உயர்த்தினார். லெமுவெல் ஊசியை எடுத்துத் திரும்ப வைத்தான். மூன்றாம் முறை டில்லரி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். நான்காம் முறை வாய்க்குள்ளேயே அந்தச் சுரத்தை முனகினார். இரண்டும் ஒட்டிப் போயின.

“இது நான்.”

“ஆமா மாஸ்டர்.”

“ஒரே வாத்தியத்துல ரெண்டு சத்தம் சேர்ந்து வராது.”

“வராது மாஸ்டர்.”

“அப்ப கத்தினது யாரு?”

“அதைத்தான் காலையிலேருந்து சொல்லிட்டிருக்கேன்.”

ப்ரூயிட் அம்மா மாவுக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு முகமெல்லாம் வெள்ளையாக நின்றாள். டில்லரி கையைத் தூக்கி வலது காதைத் தொட்டுப் பார்த்தார், பிறகு இடது காதை. தொலைந்துபோன சாமான் வீட்டிலேயே கிடைத்தால் எடுத்துத் தடவிப் பார்ப்போமே, அப்படி. லெமுவெல் ஆணியில் மாட்டியிருந்த தன் தொப்பியைத் தானே எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அவருக்கு அந்தச் சிரமத்தைக் கொடுக்க வேண்டாம் என்று நினைத்தான்.

டில்லரி அந்தத் தொப்பியைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் வருவதும் போவதும் தெரிந்தது. மூன்று மாதம் சும்மா இருந்துவிட்டாயே என்று அவர் கேட்கவில்லை.

“விதி தனி வாசிக்கிறவனுக்குப் போட்டது,” என்றார் கடைசியில். “நீ தனி வாசிக்கல. வாசிக்கவே கூடாத இடத்துல ஊதியிருக்க. அதுக்கு என்கிட்ட விதி இல்ல.”

“சரி மாஸ்டர்.”

“இன்னைலேருந்து உண்டு.”

மத்தியானம் மீனும் கீரையும் முடிந்து, சர்க்கரைவள்ளிப் பணியாரத்துக்கு எல்லாரும் தட்டை நீட்டும்போது டில்லரி விலகல் பேச்சைத் திரும்ப வாங்கிக்கொண்டார். கீச்சினது லெமுவெல் என்றும், அவனே வந்து சொல்லிவிட்டான் என்றும், தான் அதை நம்புவதாகவும் சொன்னார். மேஜையைச் சுற்றி ஒரு பெரிய நிம்மதிப் பெருமூச்சு எழுந்தது. ஆனால் ஒருத்தன்கூட நம்பவில்லை. வெளியே வந்ததும் சீஃபஸ் லெமுவெலின் தோளில் கை போட்டுக்கொண்டான்.

“டேய், நானும் அழுது புரண்டு பார்த்தேன், நம்பல. நீ எப்படிடா நம்ப வச்சே?”

“உண்மையைச் சொன்னேன்.”

“சரி சரி, தொழில் ரகசியம். சொல்லாட்டிப் போ.”

பொய் சொல்வதில் லெமுவெலை மிஞ்ச ஆள் இல்லை என்று அன்றைக்கு எடுத்த பேர் அவனுக்குக் கடைசிவரை போகவில்லை.

சனிக்கிழமைக் கச்சேரியிலும் டில்லரி சுத்தமாகத்தான் வாசித்தார், ஜனங்கள் குதித்து ஏமாந்து முறைத்தார்கள். ஆனால் இந்தத் தடவை அவர் அந்தச் சுரத்தை விட மனசில்லாமல் இரண்டு மடங்கு நேரம் பிடித்துக்கொண்டு நின்றார். டிரம்பெட்காரர்கள் முழங்கி முடித்து, செய்வதறியாமல் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு, இன்னொரு சுற்று முழங்கினார்கள். லெமுவெல் வாத்தியத்தை வாயிலிருந்து எடுத்து, கைக்குட்டையால் மூடி, மடியில் குப்புற வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

திங்கட்கிழமை ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன், இசைத்தட்டுக் கடை வரைக்கும் வருகிறாயா என்று டில்லரி லெமுவெலைக் கூப்பிட்டார். தன் பெயர் போட்ட தட்டில் இது ஒன்றுதான் அவரிடம் இல்லை. கடைக்காரர் வழுக்கைத்தலை, நல்ல பேச்சுக்காரர், வந்திருப்பது யார் என்று அவருக்குத் தெரியாது. கோழித் தட்டு என்றதும், நல்ல சாமான் கேட்டீர்கள் ஐயா, பாதியில் ஒரு கீச்சு வரும், அதற்காகவே வாங்கலாம் என்று தானே போட்டுக் காட்டினார். கீச்சு வந்தது. கடைக்காரர் மேஜைக்குப் பின்னால் ஒரு குதி குதித்தார்.

“அதுக்கு அடியில ஒரு சுரம் நிக்குது,” என்றார் டில்லரி. “கேக்குதா?”

கடைக்காரர் மரியாதைக்காகத் திரும்பப் போட்டார். குனிந்து, கையைக் காதோரம் குவித்துக் கேட்டார். மறுபடியும் போட்டார். லெமுவெலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஒண்ணும் இல்லையே ஐயா. கீச்சு மட்டும்தான் இருக்கு.”

டில்லரி தட்டை உறையில் போட்டுத் தரச் சொல்லி, அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

“பரவால்ல,” என்றார். “எனக்குக் கேக்குது.”